றிப்பீற் வகுப்பு

எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. இன்று பன்னிரண்டு மணியோடு தொழிற்கல்விப் பிரிவுக்கு ஆள் சேர்ப்பதை நிறுத்திவிடுவார்கள். அப்பாவோ சுன்னாகத்தில் அவசரமில்லாமல் ஆறுதலாக ரியூசன் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார். தாயோ தகப்பனோ நேரில் வந்தால்தான் சேர்ப்போம் என்று மானிப்பாய்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அம்மா இல்லாத எனக்கு அவரை விட்டால் ஆளில்லை.

சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் இரண்டு தரமும் பெயில். கணக்கு மாஸ்ரர் சண்முகநாதனின் மகளே பெயில் என்றால் ஊர் சிரிக்காதா? அதனால் நான் கொழும்பில் படிப்பதாக அப்பா சொல்லிவைத்திருந்தார். நான் வீட்டுக்குள் கிடந்து வெந்தேன். பழுதான மின்விசிறிகளைக் கழற்றிப் பூட்டும்போது மட்டும் மனம் கொஞ்சம் ஆறும். மானிப்பாய்த் தொழிற்கல்விப் பிரிவில் கணிதம் சித்தியடையாதவர்களும் உயர்தர வகுப்புக்குப் போகலாம், மின்சார வேலை படிக்கலாம். காலையில் அப்பாவிடம் கேட்டேன். "உது மொக்குகளுக்கு. மூண்டாந்தரம் எழுது," என்றார்.

சைக்கிளை எடுத்து மிதித்தேன்.

வகுப்புக் கொட்டிலுக்குள் நுழைந்தபோது அப்பா கரும்பலகையடியில் நின்றார். மேசையில் பழைய பிஸ்கற் ரின். வகுப்பு முடியும்வரை பிள்ளைகளின் போன் எல்லாம் அதற்குள்தான்.

"ஆரைப் பாக்க வந்தனீர், பிள்ளை?" என்றார் என்னைத் தெரியாதவர்போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் சேரின்ரை மகள் நிவேதனா. கணக்கிலை ரெண்டு தரம் பெயில்," என்று பிள்ளைகளைப் பார்த்தே சொன்னேன். "மானிப்பாயிலை கணக்குப் பாஸ் பண்ணாமலே உயர்தரம் படிக்கலாம். இவர் வந்தால்தான் என்னைச் சேர்ப்பினம். கொஞ்ச நேரம் இவரை விடுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. அது றிப்பீற் வகுப்பு. இருந்த அத்தனை பேரும் என்னைப்போலப் பெயில் விட்டவர்கள். பின்வாங்கிலிருந்து தாடி வைத்த ஒருவன் எழும்பினான்.

"சேர், உப்பிடி ஒரு வழி இருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம், எமில்ராஜ்."

"அப்ப ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

எந்தக் கணக்குக்கும் முழிக்காத மனிதர் கையிலிருந்த சோக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, இன்னும் கேள் என்றும் இருந்தது. பதினொரு மணியும் தாண்டிவிட்டது. என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

அப்பா சோக்கை வைத்துவிட்டு மோட்டார்சைக்கிள் திறப்பை எடுத்தார். பிறகு பிஸ்கற் ரின்னைத் திறந்து முன்வாங்கில் வைத்தார்.

"எல்லாரும் போனை எடுத்து வீட்டுக்கு அடியுங்கோ. தாயோ தகப்பனோ பன்னிரண்டுக்குள்ளை மானிப்பாய்க்கு வரவேணும்."