மூன்றாம் முறை நின்றால்

எங்கள் வீட்டு ரூட்டர் இன்னும் ஒரு தடவை நின்றால் என் வேலை போய்விடும். அந்த வெள்ளிக்கிழமை காலை இதுதான் என் நிலைமை.

கோவையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு நான் ஊட்டி காந்தலில் வீட்டிலிருந்தபடியே நெட் வழியாகப் போன் எடுக்கிறேன். யாருக்கு எந்த நாள், எந்த டாக்டர் என்று பதிந்து கொடுக்கும் வேலை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துக் கிடைத்த முதல் வேலை, அதை இழக்க எனக்கு மனசில்லை. முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். அதற்குள் மூன்று தடவை லைன் பாதியில் போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இரண்டு தடவை ஏற்கெனவே போயிருந்தது, அதுவும் அந்த வாரமே, புதன் ஒன்று, வியாழன் ஒன்று.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், செவ்வாய்க்கிழமைதான் கேபிள்கார தீபக்கை வரவழைத்துச் சரிபார்த்திருந்தேன். அவன் வாசல் கம்பத்தில் ஏறி ஜாயின்ட்டை மாற்றிவிட்டு இறங்கி வந்து, என் வீட்டுக்காரர் அப்துல் கஃபாரிடம் விளக்கம் வேறு சொன்னான்.

"பனி எறங்கி ஈரம் புடிச்சிருச்சுங்கண்ணா. நம்மூர்ல ஈரந்தான் இதுக்கு எமன்."

இவரும் நன்றாகத் தலையாட்டினார். மறுநாளிலிருந்து ரூட்டர் செத்துச் செத்துப் பிழைத்தது. கை வைத்துக் கெடுத்துவிட்டான் பாவி என்று நான் முடிவு கட்டினேன்.

அந்த வாரம் இவரும் சரியில்லை. மார்க்கெட்டில் கேரட் மண்டி வைத்திருக்கிறார். லோடு இறக்கக் காலை ஐந்து மணிக்கே போக வேண்டும். புதன்கிழமை வெறும் கழுத்தோடு கிளம்பினார்.

"ஏனுங்க, மப்ளர் எங்க?"

"மண்டியில வெச்சுட்டு வந்துட்டேன் போல."

வெள்ளிக்கிழமை கம்பளிக் குல்லாவும் இல்லை, இருமல் மட்டும் இருந்தது. "ஒருநாளைக்குத் தலையையும் அங்கயே வெச்சுட்டு வாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே, இருமிக்கொண்டே போனார்.

எட்டு மணிக்கு தீபக்கைப் போனில் பிடித்து வறுத்தெடுத்தேன். எட்டரைக்கு வந்து நின்றான். ரூட்டர் இருப்பது பீரோவின் உச்சியில். என் உயரத்துக்கு அது தெரியாது. கீழே இருக்கும் ஸ்விட்சை அணைத்துப் போடுவதோடு என் வைத்தியம் முடிந்தது. அவன் ஸ்டூலில் ஏறினான்.

"அக்கா, இதுக்கு யாருங்க்கா குல்லா போட்டு உட்டது?"

முதலில் குல்லா வந்தது. அதற்குள் மப்ளர், மூன்று சுற்று, நுனியை அழகாகச் செருகி. அதற்குள் ரூட்டர் தோசைக்கல் மாதிரி கொதித்தது.

"காத்து போற ஓட்டையெல்லாம் அடைச்சு வெச்சா, சூடேறி நின்னுபோகாம என்னக்கா பண்ணும்?"

தீபக்குக்கு டீயும் வர்க்கி பிஸ்கட்டும் கொடுத்து, திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டேன். மன்னிப்பு எனக்குச் சுலபமாக வராது.

ஒன்பது மணிக்கு வேலையில் உட்கார்ந்தேன். லைன் நிற்கவே இல்லை. ஊராருக்கெல்லாம் நாள் குறித்துக் கொடுத்தபடியே, இவரிடம் கேட்க வேண்டியதை மனசுக்குள் அடுக்கி வைத்தேன். 'என் பொழப்புல மண்ணைப் போடப் பாத்தீங்களே' என்பது ஆரம்பம். ஐந்து மணிக்கு, வேலை உறுதி என்று மெயில் வந்தது.

ஐந்தரைக்கு அவர் வந்தார். மூக்கு சிவந்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நஸீமா, இன்னிக்கு நின்னுச்சா?"

"இல்லீங்க. வேலை உறுதியாயிருச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்!" பீரோ இருந்த பக்கம் பார்த்து, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி சிரித்தார். "எனக்குத் தெரியும். நேத்து ராத்திரி குல்லாவையும் போட்டு உட்டேன். இனி ஈரம் எப்படி உள்ள போகும்?"

அடுக்கி வைத்ததெல்லாம் தொண்டை வரை வந்தது. மூன்று நாளாக ஐந்து மணிப் பனியில் வெறும் கழுத்தோடு போனவர் எதிரே நின்று இருமினார். பதினாறு வருஷமாக மனசில் பட்டதை அப்படியே கொட்டிப் பழகிய நான் அதை அப்படியே விழுங்கினேன். கண் நிறைந்துவிட்டது.

மடித்து வைத்திருந்த மப்ளரை எடுத்து அவர் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியைச் செருகினேன்.

"ஈரம் காஞ்சிருச்சாம். இனி அதுக்கு வேண்டாம்னு தீபக் சொல்லிட்டுப் போனான்."

"மழை புடிச்சா மறுபடி கட்டோணுமல்ல?"

"அப்ப நான் பாத்துக்கறேன். நீங்க பீரோ பக்கமே போகாதீங்க" என்றேன்.