நடுவில் இருண்ட கல்

லென்ஸுக்கு அடியில் அந்தச் சதுர வைரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் நடுவில் மட்டும் விளக்கணைந்த அறை போல இருந்தது. எடை குறைந்துவிடக் கூடாதென்று பட்டை தீட்டியவர்கள் அடிப்பாகத்தைத் தடியாகவே விட்டுவிட்டார்கள். மேலே நுழைந்த வெளிச்சம் கண்ணுக்குத் திரும்பாமல் அடிவழியே நழுவிப்போனது.

வைரப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் கற்களின் தரம் பார்த்துச் சான்றிதழ் எழுதுவது அவள் வேலை. வட்ட வைரமென்றால் சான்றிதழில் வெட்டின் தரத்துக்குத் தனி வரி உண்டு. பிரின்சஸ் கட் என்ற இந்தச் சதுரக் கல்லுக்கு அந்த வரி கிடையாது. மெருகும் சமச்சீரும்தான். இந்தக் கல்லுக்கு அவை இரண்டுமே உண்மையில் 'மிகச் சிறப்பு'. கடைக்காரர்கள் அந்த வார்த்தைகளை விரலால் தட்டிக் காட்டுவார்கள். வாங்குகிறவர் மனதில் கல்லே மிகச் சிறப்பாகிவிடும்.

அதனால் சான்றிதழின் அடியில் ஒரு குறிப்பு எழுதினாள்: நடுவில் ஒளி திரும்பவில்லை. மேலாளர் அதை அடித்துவிட்டுத் தாளோடு வந்து நின்றார்.

"கேக்காததுக்கெல்லாம் எதுக்கும்மா பதில் எழுதுறே? கடைக்காரர் வேற கூடத்துக்குப் போயிட்டார்னா, நீயும் நானும் லென்ஸ் வெச்சு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

வாங்குகிறவர்கள் ஏமாறுவார்களே என்றாள்.

"நீ எழுதினதுல ஒரு வார்த்தை பொய்யா? இல்லல்ல. அப்புறம் என்ன?"

இல்லைதான். அதுதான் அவளுக்கு எரிச்சலே. தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். அன்று மாலை வீட்டில் பாத்திரங்கள் அடிவாங்கின. கணவன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "இன்னைக்கும் சதுரமா?" என்று கேட்டுவிட்டு நழுவினான்.

சில வாரங்கள் கழித்துத் தங்கை வந்தாள். கூச்சமும் பெருமையுமாகக் கையை நீட்டினாள். தன் சம்பாத்தியத்தில் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள், சதுர வைரம் பதித்த ஒரு மோதிரம். ஆனால் வீட்டுக் கூடத்து விளக்கில் கல் மினுங்கவில்லை. ஜன்னலோரம் போனாள், மேசை விளக்கடியில் போனாள். கணவன் டார்ச்சை எடுத்துவந்து அடித்தான். "புது வீடாச்சே, கல்லுக்கு வெக்கம்" என்றான்.

"கடையில நல்லாத்தான்க்கா ஜொலிச்சுது."

"அந்த விளக்குங்களுக்குக் கீழ கற்கண்டு வெச்சாலும் ஜொலிக்கும்" என்றாள் அக்கா.

அவளுக்கு லென்ஸ் தேவைப்படவில்லை. அந்த இருட்டு அவளுக்குத் தெரிந்த முகம். தன்மேல் வந்த கோபம் தங்கைமேல் பாய்ந்தது. இவ்வளவு படித்தவளுக்குக் கண் எங்கே போயிற்று, பார்த்து வாங்கத் தெரியாதா என்று பொரிந்து தள்ளினாள்.

தங்கை திகைத்தாள். "நான் பாக்கவே இல்லக்கா. வேற ரெண்டு கல்லும் காட்டினாங்க. இதோட சான்றிதழ்லதான் உன் கையெழுத்து இருந்துது. அக்கா பாத்த கல்லுல நான் என்னத்தப் பாக்கப் போறேன்னு வாங்கிட்டேன்."

குறிப்பு எழுதியது, மேலாளர் அடித்தது என்று அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "நான் எழுதினதெல்லாம் உண்மைதான்டி" என்றாள். சொல்லும்போதே அது மேலாளரின் குரல் போலக் கேட்டது.

"எழுதாதது?" என்றாள் தங்கை.

கணவன் டார்ச்சை அணைத்தான். தங்கை மோதிரக் கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் கடையில் கேட்டதற்கு, சான்றிதழில் என்ன தப்பு, காட்டுங்கள் என்றார்களாம். தங்கையால் காட்ட முடியவில்லை.

அடுத்த சதுரக் கல் வந்தபோது, குறிப்பை எழுதினாள். மேலாளர் பேனாவோடு வந்தார். அவள் தாளின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இத அடிச்சீங்கன்னா கீழ உங்க கையெழுத்தையே போட்டுக்குங்க சார். நான் போட மாட்டேன்."

வேலை வேண்டுமா வேண்டாமா என்று அவர் கேட்டார். வேண்டும்தான் என்றாள். ஆனால் கையை எடுக்கவில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லையே என்று அவர் பழைய பாட்டையே பாடினார்.

"கேட்டதுக்கு மட்டும் உண்மையச் சொல்லிட்டு, கேக்கத் தெரியாதவங்கள ஏமாற விடுறதும் பொய்தான் சார். அந்தப் பொய்ய என் தங்கச்சி விரல்ல போட்டுக்கிட்டுத் திரியுறா."