எண்ணெய் சுட்ட கை

எனக்குக் குட்டம் இல்லை. ஊரில் இதை நான் சொல்லாத வாசல் கிடையாது, நம்பின வாசலும் கிடையாது. நீங்களாவது நம்பினால் மேலே சொல்கிறேன்.

பெயர் கொளஞ்சியம்மாள். கச்சிராயபாளையம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சத்துணவு ஆக்குகிறவள். புருஷன் என்று ஒருத்தன் இருந்தான். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பம் வைத்துவிட்டான். பிள்ளை குட்டி இல்லை. ஆனால் மத்தியானம் மணி அடித்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனையும் தட்டை நீட்டிக்கொண்டு என் முன்னால் நிற்கும். "எனக்கு அடிச்சோறு", "எனக்குக் கொழம்பு ஜாஸ்தி" என்று கத்தும். திட்டிக்கொண்டே போடுவேன். வீட்டில் பேச ஆள் இல்லாதவள், ஒரு நாளைக்கு வேண்டிய பேச்சையெல்லாம் அங்கேயே பேசி முடித்துவிட்டுத்தான் வருவேன்.

போன வருஷம் பொங்கல் சமயத்தில் வலது உள்ளங்கையில், மோதிர விரலுக்கு நேர் கீழே, ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. கரண்டி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போயிருக்கிறது என்று விட்டுவிட்டேன். சித்திரை பிறந்தபோது அந்தக் கட்டியிலிருந்து விரல்வரைக்கும் தோலுக்கடியில் கயிறு போல ஒன்று விறைத்து நின்றது. விரல் உள்பக்கமாக மடங்க ஆரம்பித்தது. தரையில் கையை விரித்து வைத்தால் அந்த ஒரு விரல் மட்டும் படியாது.

எங்கள் பக்கத்தில் மடங்கின விரலுக்கு ஒரே ஒரு பெயர்தான். அதை யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. நல்லவர்களாம். குட்ட வியாதி பார்க்கச் சைக்கிளில் ஊர் ஊராக வருகிற அரங்கநாதனை நானே கூப்பிட்டு அனுப்பினேன். அவர் வந்து, இறகால் தடவி, ஊசியால் குத்தி, கண்ணை மூடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். குத்தின இடமெல்லாம் எனக்குச் சுருக்கென்று தெரிந்தது. "இது அது இல்லம்மா" என்று தெருவே கேட்கிற மாதிரி சொன்னார். ஆனால் அவர் சொன்னதை எவள் கேட்டாள்? அவர் சைக்கிள் என் வாசலில் நின்றதே, அது போதுமாயிருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா.

பள்ளிக்கூடம் திறந்த மறுவாரம் ஒரு பெண்பிள்ளை வீட்டிலிருந்து தூக்கில் கூழ் கொண்டுவந்தது. பிறகு நாலைந்து. மிச்சப் பிள்ளைகள் தட்டை எட்டி நின்று நீட்டின, என் விரல் பட்டுவிடாமல். அடிச்சோறு கேட்கிறவர்கள் இல்லை. சத்துணவு அமைப்பாளர் தீனதயாளன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மலை மேல ஒரு பள்ளிக்கூடத்துல ஆள் இல்லம்மா. நீ அங்க பூடு. அங்க இதெல்லாம் பெருசா பாக்க மாட்டாங்க."

"ஏன், மலைக்காரன் புள்ளைங்க புள்ளைங்க இல்லியா? எனக்கு வியாதி இருக்குதுன்னா அங்க மட்டும் எப்படி அனுப்புவ? இல்லன்னா இங்க இருந்தா இன்னா?"

"ஒரு வழி பண்ணிக்கம்மா, எனக்கும் மேல இருந்து கேக்கறாங்க" என்று மட்டும் சொன்னார். வேலை போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்பதைவிட, மத்தியானங்களில் நான் என்ன செய்வேன் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அரங்கநாதன்தான் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னார். அங்கே இருந்த டாக்டரம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கைத் தோலுக்கு அடியில் இருக்கிற ஜவ்வு தடித்துச் சுருங்குகிறதாம். வெள்ளைக்காரர்களுக்கு வருவதாம், நம் ஊரில் அபூர்வமாம். அதன் பெயரைச் சொன்னாள், என் வாயில் நுழையவில்லை. எனக்கு என்று வரும்போது வியாதியும் அசலூரிலிருந்துதான் வரவேண்டும் போலிருக்கிறது.

"சும்மாவும் விடலாம்மா. சில பேருக்கு அதுவே நின்னுடும். ரொம்ப மடங்கினா ஆபரேஷன் பண்ணலாம். இல்ல, இப்ப ஆரம்பத்துலயே கரண்ட், அதான் ரேடியேஷன், வைக்கலாம். ஜெர்மனியில பண்றாங்க. இங்க நான் அதிகம் பேருக்குப் பண்ணது இல்ல."

"வச்சா வெரல் நிமுந்துடுங்களா?"

"நிமிராது. இதுக்கு மேல மடங்காம நிக்கலாம். நிக்காமலும் போகலாம். தோல் சிவக்கும், காஞ்சு உரியும். அப்புறம்..." என்று நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். "பல வருஷம் கழிச்சு அந்த எடத்துல புத்து வரதுக்கு வாய்ப்பு இருக்கு. ரொம்ப ரொம்பக் கம்மி. ஆனா இல்லன்னு சொல்ல மாட்டேன். வூட்ல கலந்து பேசிட்டு வாங்க."

வீட்டில் யாரோடு கலந்து பேசுவது? அடுப்போடா? கள்ளக்குறிச்சியில் இருக்கிற என் தம்பி தமிழழகனிடம் போனேன். அவன் அப்போது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் என்று கூட்டம் கூட்டமாக அலைந்துகொண்டிருந்தான். வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டான்.

"கரண்ட்டா? கரண்ட் வச்சாலே புத்துன்னுதான்க்கா ஊரு பேசும். ஏற்கனவே ஒரு பேரு இருக்குது. இது வேறயா? பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு இருக்கேன். பேசாம வுட்டுடு. ஒரு வெரலுதான."

"உனக்கு ஒரு வெரலு. எனக்கு அதான் சோறு போடற கை."

அவன் பெண்டாட்டி தண்ணீர் கொண்டுவந்தாள், வாழைமட்டைத் தொன்னையில். வீட்டில் சொம்பு இல்லாமலா போய்விட்டது? குடிக்காமல் வந்துவிட்டேன்.

ராத்திரி தூக்கம் வராமல் எடை போட்டுப் பார்த்தேன். புற்று வந்தாலும் நான் கிழவியான பிறகு வரும். விரல் இப்போதே போய்க்கொண்டிருக்கிறது. ஒன்று மடங்கினாலே இந்தப் பாடு, நாலும் மடங்கினால் குண்டானை யார் இறக்குவது? ஒன்றும் செய்யாமல் இருந்து அதுவே நின்றுவிட்டால் லாபம். நிற்காவிட்டால்? நல்லதோ கெட்டதோ சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் அவர்மேல் பழி போட்டுவிட்டாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கரண்ட் வைத்துக்கொள்வது என்று நானே முடிவு செய்தேன்.

ஆடியில் ஐந்து நாள், எட்டு வாரம் விட்டுப் புரட்டாசியில் ஐந்து நாள். ஆடியில் போனபோது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே படுத்துக்கொண்டேன். அங்கே எல்லாருக்கும் கூட ஒரு ஆள் இருந்தது. "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்று தினமும் ஒரு நர்ஸ் கேட்பாள். "எனக்குக் கூட நானே வந்திருக்கேன்" என்பேன். மிஷின் பார்க்கிறவர் என் கையை விரித்து, ஓட்டை போட்ட ஈயத் தகட்டை மேலே வைத்து, "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்துவார். கனமான கதவு. உள்ளே நானும் அந்த மிஷினும்தான். வலி ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாரும் ஒதுங்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற ஒரு பொருளை என் கைமேல் மட்டும் காட்டுகிறார்களே என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஊருக்குத் திரும்பி இரண்டு வாரத்தில் உள்ளங்கை சிவந்தது. பிறகு காய்ந்து உரிந்து, நடுவில் வெளுத்த திட்டாக ஆயிற்று. குட்டத்துக்குத் திட்டுதானே முதல் அடையாளம் என்று சுவரில் எழுதிப் படம் போட்டிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்துச் சுவரிலேயே. டாக்டரம்மா சொன்ன ஆபத்துகளில் இந்தத் திட்டு இல்லை. அவளுக்கு எப்படித் தெரியும், அவள் பாண்டிச்சேரிக்காரி. அன்றிலிருந்து ஆக்குவது நான், போடுவது இன்னொருத்தி. பிள்ளைகள் வருவதற்கு முன்னால் நான் பின்கட்டுக்குப் போய்விட வேண்டும் என்று தீனதயாளன் ஏற்பாடு செய்துவிட்டார்.

தம்பி அலைந்த அந்தப் போராட்டத்துக்காரர்கள் புரட்டாசி முதல் தேதியிலிருந்து சாலை மறியல் செய்யப்போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் டாக்டரம்மா சொன்ன நாள் தவறிவிடக்கூடாது. விடியலில் முதல் பஸ் பிடித்தால் அவர்கள் எழுந்து வருவதற்குள் தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். அவர்கள் என்னைவிட முன்னால் எழுந்துவிட்டார்கள். எலவனாசூர்கோட்டையில் பஸ் நின்றது. முன்னால் பெரிய புளியமரம் ஒன்று வெட்டிச் சாய்த்திருந்தது. பின்னாலும் ஒன்று சாய்ந்துவிட்டது.

பக்கத்து ஊர்க்காரர்கள் நடந்தே போய்விட்டார்கள். நானும் திரும்பி நடந்திருக்கலாம். எதற்கு? வழி இன்றைக்குத் திறக்கும், நாளைக்குத் திறக்கும் என்று அங்கே கோயில் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டேன். என்னைப் போல வண்டியும் போக்கிடமும் இல்லாதவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அந்த ஊர்ப் பெண்கள் சிலர் வீடு வீடாக அரிசி தண்டி, கல்லைக் கூட்டி, எங்களுக்குச் சமைக்க வந்தார்கள். அதில் ஒருத்தி பச்சையம்மாள். என்னைவிடச் சின்னவள். இரண்டு பிள்ளைகளையும் முந்தானையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள்.

"யக்கா, சும்மா குந்திக்கினு இருக்கியே, இந்த வெங்காயத்த உரிச்சுக் குடேன்."

அவள் உலை வைத்த அழகைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. "இம்மாந்தண்ணி வச்சா சோறு ஆவாது, கஞ்சிதான் ஆவும். தள்ளு" என்றேன். தள்ளிக்கொண்டாள். அன்றிலிருந்து சமையல் என்னுடையது. சமைத்ததை நானே போட்டேன். ஒருத்தரும் எட்டி நிற்கவில்லை. இலை கிடைக்காத அன்று சோற்றைக் குழம்போடு பிசைந்து உருட்டிக் கையில் கொடுத்தேன். மடங்கின விரல் உருண்டை பிடிக்கத் தோதாகவே இருந்தது. பச்சையம்மாளின் சின்னது என் மடியில் ஏறி உட்கார்ந்து, உருண்டையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் என் விரலையும் சேர்த்துக் கடித்தது. நல்ல பல்.

அப்போதுதான் பச்சையம்மாள் என் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"இன்னாக்கா கையில?"

சொல்ல வேண்டியதெல்லாம் என்னிடம் தயாராக இருந்தது. ஜவ்வு, கட்டி, அரங்கநாதன் ஊசி, டாக்டரம்மா, கரண்ட். சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு. எனக்கு அலுத்துவிட்டது.

"எண்ணெ சுட்டுடுச்சு" என்றேன்.

"அடப் பாவமே. வெரலும் இழுத்துக்கிச்சு பாரு. தேங்காண்ணெ தடவ வேணாமா" என்று வீட்டுக்கு ஓடிப்போய்க் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, விரல் விரலாக நீவி, திட்டின்மேல் எண்ணெய் தடவினாள். உண்மையைக் கத்திக் கத்திச் சொன்னபோது நம்பாத உலகம், இரண்டு வார்த்தைப் பொய்யை இப்படி ஏற்றுக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து மரங்களை இழுத்துப் போட்டார்கள். பாண்டிச்சேரிக்குப் போக உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு பஸ், ஊருக்குத் திரும்பக் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு பஸ். இரண்டுக்கும் நடுவில் நின்று மறுபடி எடை போட்டேன். போனால் திட்டு மறுபடி எரிந்து வெளுக்கும், ஊர் இன்னும் பேசும். நாள் வேறு தள்ளிப்போய்விட்டது, பலன் குறையலாம். போகாவிட்டால் விரல். திட்டு இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு மங்கும், மடங்கின விரல் திரும்பாது. உளுந்தூர்பேட்டைப் பஸ்ஸில் ஏறினேன்.

பச்சையம்மாள் ஜன்னலோரமாக வந்து நின்றாள். "யக்கா, தை அறுப்பு முடிஞ்சதும் புள்ளைங்கள இட்டுக்கினு உன் வூட்டுக்கு வரேன். ஒரு நாள் நெம்மதியா குந்தி உன் கையால துன்னணும். எந்த ஊருன்னே சொல்லலியே நீ?"

வாய்வரைக்கும் என் ஊர்ப் பெயர் வந்துவிட்டது. பஸ் நிறுத்தத்தில் இறங்கி அவள் என் வீட்டைக் கேட்பாள். முதல் ஆள் வழி சொல்லும்போதே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வான். பிறகு அவள் தன் பிள்ளைகள் என் கையில் வாங்கித் தின்ற ஒவ்வொரு உருண்டையையும் நினைத்துப் பார்ப்பாள்.

"நயினார்பாளையம்" என்றேன். நான் கால் வைக்காத ஊர்.

"சத்துணவு கொளஞ்சியம்மான்னு கேட்டா சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்க."

பாண்டிச்சேரியில் மிச்ச ஐந்து நாளும் வைத்துக்கொண்டேன். தள்ளிப்போனதால் பெரிய கேடு இல்லை என்றாள் டாக்டரம்மா, உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னாள். இன்றுவரை விரல் மேற்கொண்டு மடங்கவில்லை. கரண்ட்டால் நின்றதோ, தானாக நின்றதோ, யாருக்குத் தெரியும். நான் இன்னும் பின்கட்டில்தான் இருக்கிறேன், பிள்ளைகள் "கொழம்பு ஜாஸ்தி" என்று இன்னொருத்தியிடம் கத்துவது கேட்கிறது.

தை முடிந்து மாசியும் போய்விட்டது. பச்சையம்மாள் சொன்னால் செய்கிறவள். இரண்டு பிள்ளைகளையும் இட்டுக்கொண்டு நயினார்பாளையத்தில் இறங்கியிருப்பாள். சத்துணவு கொளஞ்சியம்மா வீடு எது என்று தெருத் தெருவாகக் கேட்டிருப்பாள். அப்படி ஒருத்தி இந்த ஊரில் இல்லையே என்று சொல்லியிருப்பார்கள்.