ஒன்பது பத்துக்கு வரும் பேச்சு

புதிய சுங்கச்சாலை திறந்த நாளிலிருந்து, அதில் போகிறவர்கள் வண்டிக்குள் பேசுகிற பேச்சு மட்டும் பழைய சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தது. சாவடியைத் தாண்டியதும் வாய் அசையும், சத்தம் வராது. ஆள் நகரத்துக்குப் போய், மின்விசிறியைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, முதல் டீயையும் குடித்து முடித்த பிறகு, வழியில் சொன்னது மெல்ல வந்து, யாரிடம் சொல்லப்பட்டதோ அவரைத் தேடிப் பிடித்து ஒலிக்கும். முதல் வாரம் காது டாக்டரிடம் நிற்க இடமில்லை. சாவடியில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கேட்டபோது, அவள் மீதிச் சில்லறை கொடுக்கிற அதே குரலில், "டேக் வண்டிக்குத்தாங்க இருக்கு, பேச்சுக்கு இல்லையே" என்றாள். பொறியாளர்கள் மூன்று பேர் வந்து அளந்து பார்த்துவிட்டு, சாலையின் மேற்பரப்பில் குறை ஏதுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். எண்பது நிமிஷப் பயணம் இருபது நிமிஷமாகியிருந்ததால் யாரும் பெரிதாகச் சண்டைக்குப் போகவில்லை.

சங்கடங்கள் இல்லாமலில்லை. ஒரு குமாஸ்தா, கூட வந்த நண்பரிடம் தன் மேலாளரின் தொப்பியைப் பற்றி வழியில் சொன்ன கருத்து, நண்பரும் மேலாளரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தபோது வந்து சேர்ந்தது. மேலாளர் மறுநாளிலிருந்து தொப்பி போடவில்லை. குமாஸ்தாவுக்கு இடமாற்றமும் வரவில்லை. காரில் தனியாகப் பாடிக்கொண்டு வருகிற பல் மருத்துவர் ஒருவருடைய பாட்டு, நோயாளி வாயைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் அவரிடமே திரும்பி வந்தது. இப்படி நாலைந்து பேர் சூடுபட்ட பிறகு, ஜனங்கள் சாவடிக்கு முன்பே பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளப் பழகினார்கள்.

பழக முடியாதவர்கள் பல்லக்காவும் அவள் கணவரும்தான். பல்லக்கா நகரத்தில் பல்செட் செய்யும் கூடம் ஒன்றில் மெழுகில் பல் வரிசை பிடிக்கிறவள். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. கணவர், பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றின் நாலு லிஃப்டுகளையும் ஓட வைக்கிற மெக்கானிக். வீட்டில் அவர்களுக்குப் பேச நேரமில்லை. அவர் அம்மாவின் டிவி, மாடிக் குடித்தனக்காரர்களின் தண்ணீர்ப் பஞ்சாயத்து, துணி, பாத்திரம் என்று மாலை கரைந்துவிடும். அவர்கள் குடும்பம் நடத்தியதெல்லாம் பழைய சாலையில், பழைய காரில்தான். சண்டை செங்கல் சூளைக்குப் பக்கத்தில் தொடங்கும், மரம் அறுக்கும் ஆலை வருவதற்குள் சூடு பிடிக்கும். ரயில்வே கேட்டில் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருக்கும்போது ஆளுக்கொரு ஜன்னலைப் பார்ப்பார்கள். ரயில் போய்க் கேட் தூக்கியதும் யாராவது ஒருவர் "தண்ணி வேணுமா?" என்பார். அதோடு சரி. பதினோரு வருஷத்தில் ஒரு சண்டைகூட நகர எல்லையைத் தாண்டியதில்லை.

அவர்தான் அவளைக் கேட்காமலே சுங்கச்சாலைக்கு ஒரு வருஷப் பாஸ் எடுத்தார். இருவரும் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாமே என்ற நல்ல எண்ணம். தூங்கவும் செய்தார்கள். ஆனால் புதிய சாலையில் சண்டை போடத்தான் நேரமிருந்தது, சமாதானத்துக்கு இல்லை. அவர் வழியில் சொன்ன "சரி, விடு" ஒன்பது பத்துக்குக் கூடத்துக்கு வந்து சேரும்போது, அவள் கை முழுக்கப் பல் அச்சு எடுக்கிற சாந்து. கூட வேலை செய்யும் நாலு பெண்கள் தலையைக் குனிந்து சிரிப்பார்கள். பதில் சொல்ல ஆள் அங்கே இல்லை. மாலைக்குள் அது ஆறிப்போய், மறுநாள் வேறொன்றுக்குக் கீழே புதைந்துவிடும். இப்படித் தீராத சண்டைகள் ஆறு வாரத்தில் காயாத துணி மாதிரி சேர்ந்துவிட்டன. பல்லக்காவுக்குப் பயம் வந்தது. இந்த மனிதரோடு இருபது நிமிஷத்தில் வாழத் தெரியவில்லையே என்று குளியலறையில் நின்று அழுதாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைச் சண்டை ஒரு கத்தியால் வந்தது. மெழுகு செதுக்கும் அவளுடைய சின்னக் கத்தி, பதினைந்து வருஷமாக அவள் கைக்கென்றே தேய்ந்தது. அதை எடுத்து அவர் லிஃப்ட் கதவின் தண்டவாளத்தில் கிரீஸ் சுரண்டியிருந்தார். கழுவி வைத்தேனே என்றார். சாவடி வரைக்கும் அதே பேச்சு. சாவடியைத் தாண்டியதும், சத்தம் வராது என்ற தைரியத்தில் பல்லக்கா சொன்னாள்: "நீங்க இல்லாம நான் நிம்மதியா இருந்துடுவேன்." அதே நேரம் அவர் வாயும் அசைந்தது, சாலையைப் பார்த்தபடி, நீளமாக. அவரும் நல்லதாக எதையும் சொல்லியிருக்க முடியாது என்று அவள் முடிவு கட்டினாள். கூடத்து வாசலில் இறங்கும்போது மணி எட்டு ஐந்து.

சட்டை மாற்றும் அறையில் நின்றபோதுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. அவர் அதைச் சிரித்துத் தள்ளுகிறவர் அல்ல. ஒருமுறை அவள் அண்ணன் விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல்லை நாலு வருஷம் மனதில் வைத்திருந்தவர். வேலை நேரத்தில் அவருடைய போன் பூட்டின பெட்டிக்குள் இருக்கும். கிடைத்தாலும் என்ன சொல்வது? ஒன்பது பத்துக்கு வருவதைக் கேட்காதீர்கள் என்றால், என்ன வருகிறது என்று கேட்பார். பல்லக்கா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, தலைவலி என்று பொய் சொல்லி, பழைய சாலையில் போகும் எட்டு இருபது பஸ்ஸில் ஏறினாள். தன் பேச்சை எதிர்கொண்டு போய் வழியிலேயே மடக்கிவிடலாம் என்பது திட்டம்.

ரயில்வே கேட்டில் இறங்கியபோது கேட் மூடியிருந்தது. கேட் கீப்பர் சிக்னல் கம்பத்தில் கண்ணாடியை மாட்டி முகம் மழித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "வாங்கக்கா. உங்களுது எது?" என்றார், பஸ் நிலையத்தில் மூட்டை தேடுகிறவர்களைக் கேட்பது போல. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், மூடிய கேட்டுக்குப் பின்னால், அன்றைய காலைப் பேச்செல்லாம் முழங்கால் உயரத்தில் முணுமுணுத்தபடி வரிசையில் நின்றிருந்தது. அடுப்பை அணைச்சியா, அப்பாவுக்கு மாத்திரை வாங்கணும், பரீட்சை முடியட்டும் பாத்துக்கலாம். அதற்குள்ளே தன் குரலை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். வெளியிலிருந்து கேட்க அது இன்னும் மோசமாக இருந்தது.

எப்படித் திருப்பி எடுப்பது என்று கேட்டாள். கேட் கீப்பர் சோப்பு நுரையோடு தலையாட்டினார். "சொன்னதை எடுக்க முடியாதுக்கா. நேத்து ஒருத்தர் புடிச்சு இழுத்துப் பாத்தாரு, இன்னும் சத்தமாயிடுச்சு." ரயில் தூரத்தில் கூவியது. ஐந்து நிமிஷம்தான் இருந்தது.

பல்லக்காவின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மெழுகுப் பல் கடிப்பு சரியாக வராவிட்டால் உருக்கிக் கொட்டுவதில்லை. எங்கே குறைகிறதோ அங்கே இன்னொரு சொட்டு வைத்து அதையே சரிசெய்வார்கள். நம் பேச்சிலும் அப்படியொரு வசதி இருக்கிறது. எவ்வளவு பெரிய வார்த்தையைச் சொல்லியிருந்தாலும், அதன் வாலில் ஒரு ‘ன்னு’வை ஒட்டினால் முழு வாக்கியமும் திரும்பி நின்றுகொள்ளும். அவள் தண்டவாளத்தை இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்து, தன் வாக்கியத்துக்குப் பின்னால் போய்க் குனிந்து, அது முடிகிற இடத்தில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னாள்: "ன்னு ஒரு நாளும் நெனைக்காதீங்க." கொஞ்சம் பிசிறு இருந்தது. அதையும் கட்டை விரலால் நீவிவிட்டாள். ரயில் போனது. கேட் தூக்கியதும் எல்லாம் நகரத்தை நோக்கிக் கிளம்பியது. அவளுடையது வால் நீண்டு, கொஞ்சம் சாய்ந்தபடி போயிற்று.

அவள் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, ஏதோ லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பின்தங்கிய ஒன்று தூசியோடு வந்து அவள் காதருகில் நின்றது. அவள் கணவரின் குரல். "சாயங்காலம் பழைய ரோட்டுலயே போலாமா? உன்கிட்ட பேசி ரொம்ப நாளாச்சு போல இருக்கு. கத்தி விஷயத்துல தப்பு என்னோடதுதான்." பதினோரு வருஷத்தில் அவர் தன் தப்பு என்று சொல்லி அவள் கேட்டதில்லை. அவருக்கும் சத்தம் வராது என்ற தைரியம் தேவைப்பட்டிருக்கிறது. பல்லக்கா கேட் கீப்பரின் முக்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். கேட் கீப்பர் தன் முகத்து நுரையைத் துடைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். அவளுக்கு மனம் நிறைந்திருந்தது.

ஒன்பது பத்துக்கு நடந்ததை அவர் மாலையில், மரம் அறுக்கும் ஆலையைத் தாண்டும்போது சொன்னார். ஆறாவது மாடிக்கும் ஏழாவதுக்கும் நடுவில், லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து ஒரு கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாராம். உள்ளே இரண்டு பேர், லிஃப்ட் நின்றுவிட்டது என்று பொறுமையில்லாமல் மணியை அழுத்திக்கொண்டிருந்தார்கள். அப்போது அது வந்தது. "நீங்க இல்லாம நான் நிம்மதியா இருந்துடுவேன்" வரைக்கும் கேட்டபோது ஸ்பானர் கையில் கனத்துப்போயிற்று என்றார். ஏறுகிற வழியில் வால் கொஞ்சம் பின்தங்கிவிட்டது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு மீதி வந்து ஒட்டிக்கொண்டது. உள்ளே இருந்த இரண்டு பேரும் மணியை அழுத்துவதை நிறுத்திவிட்டார்கள். லிஃப்ட் மறுபடி ஓட நாற்பது நிமிஷம் ஆனது. யாரும் புகார் எழுதவில்லை.

"அந்த ஒரு மூச்சு நேரம் என்ன நெனைச்சீங்க?" என்று பல்லக்கா கேட்டாள். "நீ இல்லாம எனக்கு வீட்டுச் சாவி எங்க இருக்குன்னே தெரியாதேன்னு நெனைச்சேன்" என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

ஆறு வருஷமாகிறது. காலையில் சுங்கச்சாலை, மாலையில் பழைய சாலை என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாஸைப் புதுப்பிக்கும்போது இருவரும் சேர்ந்தே போகிறார்கள். கேட் கீப்பருக்குக் கல்யாணமாகி, அவர் மனைவி கேட்டருகில் நாலு பெஞ்சு போட்டு டீக்கடை வைத்திருக்கிறாள். காலையில் சொன்னதற்கு வால் ஒட்ட வருகிறவர்கள் அங்கே காத்திருக்கலாம். பல்லக்கா அங்கே போவதில்லை. அவள் வாலையும் சேர்த்தே பேசப் பழகிவிட்டாள், எப்போதாவது மறந்தாலும் அவர் ஒரு மூச்சு நேரம் பொறுத்துப் பார்க்கிறார். பதினாலு மாடிக் கட்டடத்தில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு, கழிப்பறை எங்கே, வண்டி நிறுத்துவது எங்கே என்று காட்டும்போதே இதையும் சொல்லிவிடுகிறார்கள்: "ஒம்பது பத்துக்கு மட்டும் லிஃப்டைக் கூப்புடாதீங்க. அது மெக்கானிக்குக்கு வீட்டுப் பேச்சு வர்ற நேரம்."