எவரிஸ்தோவின் எறும்புகள்

பந்தலியோன் தன் மீசையைப் பணயம் வைத்தது ஒரு ஞானஸ்நான விருந்தில், ஊரே பார்க்க. மூன்றாவது குவளை உள்ளே போனபிறகு சொன்னான் என்பார்கள். அதெல்லாம் வீண் பேச்சு, நான்காவது குவளை.

"மச்சான், வர்ற கோடைல என் மாடு ஒண்ணு உன் ஆத்தங்கரைப் புல்லுல காலை வெச்சாலும் சரி, இந்த மீசைய வழிச்சுடறேன்!"

பந்தலியோனின் மனைவி தொமித்திலாவின் அண்ணன் எவரிஸ்தோ பன்றி வறுவலை மென்றபடியே சிரித்தான். "கத்திய இப்பவே தீட்டி வெச்சுக்க மாப்ள."

பின்னே, மனுஷனுக்கு ரோஷம் இருக்காதா? மூன்று கோடையாகத் தன் மேய்ச்சல் காய்ந்ததும் நான்கு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போய், எவரிஸ்தோவின் வாயிற்படலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருக்கிறான். கயிற்றுத் தூளியில் கிடக்கும் எவரிஸ்தோ காபியைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டுத்தான் "அட, மாப்ளயா!" என்பான். போதாக்குறைக்குப் போன வருஷம் கொலொந்திரினா என்ற பசு வேலி தாண்டி அவன் சோளத்தில் வாய் வைத்தது. 'மேஞ்சது எவன் மாடோ, ஈடு அவன் தலைல' என்பது அந்த ஊர் வழக்கம். சொந்தத் தங்கை வீட்டிலிருந்தே இரண்டு கூடை சோளத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போனவன் எவரிஸ்தோ.

விருந்துக்கு மறுவாரமே பந்தலியோன் பால் கூட்டுறவுக்குப் போனான். அங்கே ஆலோசனை சொல்ல மரித்சா என்றொரு படித்த பெண் இருந்தாள். அவன் கேட்ட முதல் கேள்வியே, "ஆளுயரம் வளர்ற புல்லு எதும்மா?" என்பதுதான்.

"எதுக்கு அண்ணே ஆளுயரம்?"

"மச்சான் தூளில படுத்தா அவன் கண்ணுல குத்தணும்."

மரித்சா நல்ல பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "உங்களுது சரிவு நெலம். மண்ணை இறுக்கிப் பிடிக்கிற புல்லு வேணும், கோடையத் தாங்கணும். மராந்துன்னு ஒரு புல்லு இருக்கு, அதப் போடுங்க. விதைய எறும்பு மருந்துல பெரட்டித் தூவுங்க, மேல லேசா மண்ணு மூடுங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்றால் கேட்கிற ஆளா பந்தலியோன்? வளர்பிறை ஐந்தாம் நாள் வரை காத்திருந்தான். அவன் அப்பா அப்படித்தான் விதைத்தார், தாத்தாவும் அப்படித்தான். விதை நிலாவைப் பார்த்தால்தான் இலை ஓடும். மண்ணைப் போட்டு மூடினால் அது எதைப் பார்க்கும்? சரிவு முழுக்க விதையைத் தூவினான், அப்படியே விட்டுவிட்டான். மருந்தின் நாற்றம் பிடிக்காமல் அதையும் கோழிக்கூண்டின் மேலே போட்டுவிட்டான்.

"மூடச் சொல்லிச்சே அந்தப் பொண்ணு?" என்றாள் தொமித்திலா.

"அந்தப் பொண்ணுக்கு நிலாவப் பத்தி என்னடி தெரியும்?"

"உனக்குப் புல்லப் பத்தி என்னய்யா தெரியும்?"

மழை பெய்தது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் போயிற்று. சரிவில் முளைத்தவை தொட்டாற்சுருங்கியும் காட்டுத் துளசியும்தான். மராந்து ஒரு இணுக்குக்கூட இல்லை. விதை விற்ற கடைக்காரனைத் திட்டினான், மேகம் நிலாவை மறைத்துவிட்டது என்றான். தொமித்திலா அவன் மீசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

கடைசியில் கண்டுபிடித்தவள் அவள்தான். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் கீரை பறிக்கப் போனவள் வேலி ஓரமாக நின்று கூப்பிட்டாள். "யோவ், உன் புல்லு மொளைச்சிருக்கு. ஆனா இங்க இல்ல."

வேலிக்கு அந்தப் பக்கம், எவரிஸ்தோவின் கல்லாங்குத்து மேட்டில், இலைவெட்டி எறும்புப் புற்று ஒன்று மாட்டுக்கொட்டில் அளவுக்குப் பரந்து கிடந்தது. அதைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று, அடர்ந்து, முழங்காலுக்கு மேலே நின்றது மராந்து! பந்தலியோனின் சரிவிலிருந்து அங்கே வரை எறும்புச் சாரையின் தடம் ஒற்றையடிப் பாதைபோலத் தேய்ந்திருந்தது. மூடாமல் கிடந்த விதையை நிலா பார்த்ததோ இல்லையோ, எறும்பு பார்த்திருக்கிறது.

அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் விடிந்து பால் வண்டி நிற்கும் இடத்தில் எவரிஸ்தோவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"மாப்ள, நல்ல ரகமாப் பாத்து வாங்கியிருக்கே. என் மாடுங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"விதை என்னுது மச்சான்!"

"நெலம் என்னுது."

"எறும்பு தூக்கிட்டு வந்துச்சு!"

"ஆமா, என் எறும்பு!" எவரிஸ்தோ நெஞ்சைத் தட்டினான். "என் மண்ணுல குடியிருக்குது, என் எலையத் தின்னு வளருது. என் எறும்பு ஒழைச்சுக் கொண்டாந்துச்சு. உனக்கேன் வயிறு எரியுது?"

எல்லாரும் சிரித்தார்கள். பந்தலியோனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அவமானமென்றால் அப்படி ஒரு அவமானம். தொமித்திலா பால் கேனை நிதானமாகக் கீழே வைத்தாள்.

"அண்ணே, யாரு எறும்பு?"

"எத்தனை தடவ சொல்றது? என் எறும்பு!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று கூட்டத்தைப் பார்த்தாள். "மேஞ்சது எவன் மாடோ, ஈடு அவன் தலைல. அண்ணனோட உருப்படிங்க எங்க நெலத்துல பூந்து, நாலு கிலோ விதைய ஒண்ணு விடாம மேஞ்சிருக்கு. எங்க கொலொந்திரினா ஒரே ஒருத்தி. அவளுக்கே ரெண்டு கூடை சோளம் வாங்கினே. உன்னுது எத்தனை தலைன்னு நீயே எண்ணிச் சொல்லு."

பால் வண்டிக்காரன் சிரித்த சிரிப்பில் ஒரு கேன் பால் கொட்டிப்போனது. எவரிஸ்தோ தொப்பியைச் சரிசெய்தான். "சரி சரி, தோண்டிட்டுப் போங்க" என்றான் கடைசியில். "குப்புற விழுந்தும் மீசைல மண்ணு ஒட்டலம்பானே என் மாப்ள, பொழைச்சுப் போகட்டும்."

மூன்று நாள் புருஷனும் பெண்டாட்டியும் அந்தத் தூர்களைத் தோண்டி, பிரித்து, வேரோடு சுமந்து வந்து சரிவில் முழத்துக்கு ஒன்றாக நட்டார்கள்.

"தேய்பிறைடி" என்று முனகினான் பந்தலியோன்.

"மூடுய்யா. வேரச் சொன்னேன், வாயையும்தான்."

மாசி பிறந்தது. ஊரெல்லாம் சுட்ட ஓடுபோலக் காய்ந்து கிடக்க, அந்தச் சரிவு மட்டும் பச்சை. கொலொந்திரினா கன்று போட்டிருந்தாள். பந்தலியோன் தினமும் மீசைக்கு எண்ணெய் தடவினான். எவரிஸ்தோவின் ஆறு வற்றிவிட்டது. ஒரு விதைகூட நடாமல் வருஷக்கணக்காக மேய்த்த கரை மண்ணாகிவிட்டது. ஒரு காலையில் சிவப்பு மாடு ஒன்று வேலியை முட்டிக்கொண்டு வந்து மராந்துக்குள் நின்றது. பின்னாலேயே ஓடிவந்த எவரிஸ்தோ வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டான்.

"யாரு மாடு மச்சான்?" என்றான் பந்தலியோன்.

எவரிஸ்தோ மாட்டைப் பார்த்தான், புல்லைப் பார்த்தான். "தெரியலயே மாப்ள."

"எறும்புக்குக்கூட அடையாளம் சொன்னே. மாட்டுல உன் சூட்டுக்குறி இருக்கு, தெரியலங்கறே!"

"ஆளில்லாத மாடா?" தொமித்திலா வாளியை எடுத்துக்கொண்டாள். "அப்ப நான் கறந்துக்கறேன்."

எவரிஸ்தோ சுற்றிக்கொண்டு வந்து படலருகே நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தான். "என்னுதுதான் மாப்ள. வீட்ல இன்னும் அஞ்சு நிக்குது. எலும்பும் தோலுமா நிக்குது."

மூன்று வருஷமாக இந்த நிமிஷத்துக்காகத்தான் பந்தலியோன் காத்திருந்தான். காலைக் காபிக் குவளையை எடுத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். கடைசிச் சொட்டு வரை குடிக்கப் போகிறான், மெதுவாக. ஒரு வாய் குடித்தான். படலில் நிற்கிறவனின் விரல்கள் தொப்பி விளிம்பைத் திருகிக்கொண்டே இருந்தன. அப்படி விரல் திருகுவது எப்படியிருக்கும் என்று பந்தலியோனுக்கு நன்றாகத் தெரியும்.

அவன் எழுந்து போய்ப் படலைத் திறந்தான். மிச்சக் காபியை எவரிஸ்தோவின் கையில் கொடுத்தான்.

"குடி மச்சான். அஞ்சையும் ஓட்டிட்டு வா. எறும்ப மட்டும் வீட்லயே கட்டிப் போட்டுட்டு வா."