தங்கத்தாய் பேரில் நான் எழுதிய கடிதம்

1

இந்தக் கதையின் முதல் வரைவு கதையாக இல்லை, ஒரு கடிதமாக இருந்தது. என் அக்கா இசக்கிசெல்வியின் வீட்டுக்காரர் வேல்ராஜ், உடன்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரி, என்னைக் கடைக்குக் கூப்பிட்டு, "மாப்ள, நீ எழுதுறவன்தான. அந்த ஆலந்தலக்காரி எழுதுத மாதிரி ஒரு பேப்பர் எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். நன்றாகவே வந்தது. அதுதான் வெட்கக்கேடு. இரண்டு தொகுப்புப் போட்டும் எனக்குக் கைவராத தெளிவு, அந்த ஒரு பக்கத்தில் வந்து தொலைத்தது.

2

தொடக்கம் ஒன்று: "அன்றைக்குக் கடல் சாம்பல் நிறத்தில்—"

வேண்டாம். நடந்த விபத்துக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எதையாவது மறைக்க வேண்டும் என்றால் உடனே எனக்குக் கடல் ஞாபகம் வந்துவிடும்.

தொடக்கம் இரண்டு: "நான் கவனிக்காமல் சாலையைக் கடந்தபோது—"

ஐயோ, இது கடிதத்தில் உள்ள வரி. தங்கத்தாய் சொல்வதாக நான் எழுதியது. அடித்துவிடுகிறேன்.

3

நடந்தது இதுதான். வேல்ராஜ் கார் வாங்கினார். வாழ்க்கையில் முதல் கார். திருச்செந்தூரில் பூசை போட்டு, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, முன்கண்ணாடியில் சந்தனத்தைக் குழைத்துப் பட்டையாக அப்பி, பானெட்டிலிருந்து கூரை வரைக்கும் சாமந்தி மாலை போட்டார்கள். வண்டி நகர்ந்ததும் மாலை சரிந்து கண்ணாடியின் இடப்பக்கம் விழுந்தது. ஏற்கெனவே அங்கே சந்தனம். வேல்ராஜுக்கு இடப்பக்க ரோடு பாதிதான் தெரிந்தது. ஓரமாக நிறுத்தித் துடைத்துவிடலாம் என்று நினைத்தார்.

"சாமி சந்தனம்ங்க. வீடு போய்ச் சேருததுக்கு முன்னால யாராவது அழிப்பாவளா?" என்றாள் அக்கா.

அழிக்க மாட்டார்கள்தான். எங்கள் பக்கம் யாரும் அழிப்பதில்லை. வேல்ராஜ் கழுத்தை எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஆலந்தலைக்கு ரோடு பிரிகிற விலக்கில் இடப்பக்கமிருந்து தங்கத்தாய் மீன் கூடையோடு வந்தார். வேல்ராஜ் அவரைப் பார்க்கவே இல்லை. சத்தம்தான் கேட்டது.

[பின்சீட்டில் நான் இருந்தேன். "அத்தான், நிப்பாட்டித் தொடைங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முறைப்பாளே என்று பேசாமல் இருந்துவிட்டேன். இவ்வளவுதான் என் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்று இருக்கும் என்று நினைத்துத் தேடிப் பார்த்தேன், இல்லை.]

ஆட்கள் ஓடி வருவதற்குள் அக்கா இறங்கி, மாலையைப் பிய்த்து எறிந்து, முந்தானையாலேயே சந்தனத்தை வழித்துத் துடைத்துவிட்டாள்.

4

சட்டம் கொஞ்சம். (பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டுகிறவர்களை நம்பித்தான் இந்த மாதிரிக் கடிதங்கள் எழுதப்படுகின்றன.) மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 164. அடிபட்டவர் யார் மேல் தப்பு என்று நிரூபிக்கவே வேண்டாம். பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் உண்டு. சாட்சிக்கு ஆளில்லாத ஏழைகளுக்கு நல்ல சட்டம். ஆனால் அதை வாங்கிக்கொண்டால், ஓட்டியவர் தப்பைக் காட்டி, போன பிழைப்புக்கெல்லாம் சேர்த்துக் கேட்கிற வழக்கு அடைபட்டுப் போகும். தப்பு என்னுடையதுதான், இந்த இரண்டரை லட்சமே போதும் என்று தங்கத்தாய் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுகிற மாதிரிதான் நான் எழுதிய கடிதம். தங்கத்தாய்க்கு வயது நாற்பத்தாறு, புருசன் இல்லை. இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. இனிமேல் கூடை தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

(வேல்ராஜுக்கு மணிக்கட்டில் சுளுக்கு. வண்டிச் சொந்தக்காரருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டில் அவர் உயிருக்குப் பதினைந்து லட்சம் போட்டிருக்கிறது. சுளுக்குக்கு ஒன்றும் கிடையாதாம். அதையும் விசாரித்தோம், கூசாமல்.)

5

வேல்ராஜை வில்லனாக எழுத மூன்று தடவை முயன்றேன். மனுசன் வரமாட்டேன் என்கிறார். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவர்தான் பார்த்தார். தினமும் ஹார்லிக்ஸும் பழமுமாகப் போய் நின்றார்.

"ரூவா கம்பெனிதான குடுக்கு? உங்களுக்கு என்ன அத்தான்?" என்று கேட்டேன்.

"ரூவாய்க்கா பயப்படுதேன்? கேஸ்னு போனா கூண்டுல ஏத்தி, கண்ணாடி எப்படிலே இருந்துச்சுன்னு கேப்பானுவ. நான் என்னத்தச் சொல்ல? உங்க அக்கா தொடச்சதச் சொல்லவா? இந்தப் பேப்பர்ல போனா யாரு தப்புன்னு கேக்கவே மாட்டாவளாம், மாப்ள. அது போதும் எனக்கு."

ஒருநாள் தங்கத்தாய் படுக்கையிலிருந்தே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நாந்தான்யா பாக்காம வந்துட்டேன். மொத மொத காரு எடுத்து வாரீய, இப்படி அவசகுனமாப் போச்சே உங்களுக்கு."

அந்த இடத்தில் வேல்ராஜ் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அத விடுங்கக்கா" என்றார். வெளியே வந்து, சைக்கிள் ஸ்டாண்டுச் சுவரில் சாய்ந்து அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேப்பர் எழுதிட்டியா?" என்று கேட்டார்.

6

முடிவு அ: வேல்ராஜ் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். எழுதிப் பார்த்தேன். மேடை நாடகம் மாதிரி பேசுகிறார். கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: தங்கத்தாயின் மகள் விஜிலா திருப்பூரிலிருந்து வந்து, விவரம் தெரிந்த ஒரு வக்கீலை— எங்கே வருகிறாள்! லீவு கிடைக்காமல் அங்கேயே கிடக்கிறாள்.

முடிவு இ: இது நடந்தது. திங்கட்கிழமை நான் கடிதத்தோடு ஆலந்தலைக்குப் போனேன். பையில் இந்தக் கதையும் ஐந்தாம் பகுதி வரைக்கும் இருந்தது. தங்கத்தாய் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எங் கண்ணாடி அன்னைக்கே ஒடஞ்சு போச்சு தம்பி, எழுத்துத் தெரியாது. நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க. நீங்க சொன்னாப் போதும், கையெழுத்துப் போட்டுருதேன்."

இரண்டையும் வெளியே எடுத்தேன். ஒன்றை வாசித்தேன்.

எதை என்று கேட்காதீர்கள். சரியானதை வாசித்திருந்தால் வீட்டுக்கு வந்து ஏழாம் பகுதி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "எவ்வளவு அழகா எழுதியிருக்கீய தம்பி" என்றார். பேனாவை வாங்கிக்கொண்டார்.

7

கையெழுத்துப் போட்ட தாள் இன்னும் அவர் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. கம்பெனி ஆள் வியாழக்கிழமைதான் வாங்க வருகிறார். அதைக் கிழித்துப் போட ஒரு நிமிசம் ஆகாது. ஆனால் காரணத்தை யாராவது சொல்ல வேண்டும்.

நீங்கள் இவ்வளவு தூரம் வாசித்துவிட்டீர்கள். ஆலந்தலையில் பஸ் நிற்கும். தங்கத்தாய் வீடு என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். இந்தத் தாள்களையே கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். என் பெயரையும் சொல்லுங்கள். எனக்கு அந்த அம்மா முகத்தில் முழிக்க முடியாது.