தலைவரின் மூக்கடைப்பு

என் அக்காள் கணவர் கமலநாதனுக்கு ஒரு சனிக்கிழமை மதியம் மூக்கு அடைத்துக்கொண்டது. மறுநாள் காலை பத்து மணிக்குப் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் மூத்தோர் நல்வாழ்வு மன்றத்தின் ஆண்டுக் கூட்டம். அவர்தான் தலைவர். மூன்றாம் தவணைக்கு நிற்கிறார். ஓட்டு எண்ணும் முன்பே ஏற்புரை எழுதி முடித்திருந்தார், பதினோரு பக்கம். அதைப் பழகிப் பார்க்கத்தான் கிள்ளானிலிருந்து அக்காவோடு என் வீட்டுக்கு வந்து தங்கினார். ஆனால் 'மன்றம்' என்று அவர் சொல்லும்போதெல்லாம் 'பட்றப்' என்றுதான் வெளியே வந்தது.

"சிவா, இந்தக் கொரலோட மேடைல நிக்க முடியாது. பார்மசிக்குப் போயி ஸ்டிராங்கா ஒரு மருந்து வாங்கிட்டு வா. ஒனக்குன்னு சொல்லு."

"எனக்கு எதுக்கு அத்தான்? எனக்கு மூக்கு நல்லாத்தானே இருக்கு."

"சொல்லு லா. என் பேரு எங்கயும் வரக்கூடாது."

காரணம் எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டுக்கு முன் அப்போதைய தலைவர் கார்த்திகேசுவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். உடனே, அப்போது செயலாளராக இருந்த கமலநாதன் மன்ற விதிகளில் ஒரு வரி சேர்த்தார்: நீண்டகால நோய் உள்ளவர் தலைவர் பதவிக்கு நிற்கக்கூடாது. கார்த்திகேசு யோக்கியர். மறுநாளே விலகிக்கொண்டார். வரியை எழுதியவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. ராத்திரி ஐந்து தடவை எழுந்து கழிவறைக்குப் போகும் புரோஸ்டேட் தொல்லையும் உண்டு. இரண்டுக்குமான மாத்திரைகள் ஒரு பழைய வைட்டமின் புட்டியில் கலந்து கிடக்கின்றன. விருந்தினர் கேட்டால் வைட்டமின் என்பார்.

பார்மசியில் இருந்த பெண்ணின் சட்டையில் புனிதா என்று பெயர்ப் பட்டை. மூக்கடைப்பு மருந்து என்றதும் ஒரு தடித்த பதிவேட்டை எடுத்தாள்.

"யாருக்கு அங்கிள்?"

"எனக்குத்தான்."

"ஐசி குடுங்க. இது ரெண்டு மருந்து சேந்தது. ஒண்ணு மூக்கு ஒழுகுறத நிறுத்தும், தூக்கத்தக் குடுக்கும். இன்னொண்ணு அடைப்ப எடுக்கும், ஆனா பிரஷர ஏத்தும். பிரஷர் இருக்கா?"

"இல்ல."

"ஒண்ணுக்குப் போறதுல கஷ்டம், புரோஸ்டேட்டு?"

"இல்ல."

"கண்ணுல கிளாக்கோமா? வேற மாத்திர ஏதும் சாப்பிடுறீங்களா?"

"இல்லம்மா."

எல்லாம் உண்மை. என்னைப் பற்றிய உண்மை. அந்தப் பெண் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் நேராகக் கமலநாதனின் உடம்பைத் தொட்டது. நான் என் உடம்பைக் கொண்டு பதில் சொன்னேன்.

"ஒரு தடவைக்கு ஒண்ணு. ஒரு நாளைக்கு மூணுதான். வேற சளி மருந்து எதையும் இதோட சேக்காதீங்க அங்கிள், அதுலயும் இதே சரக்குதான் இருக்கும். போட்டுட்டு கார் ஓட்டாதீங்க. ஒரு மாதிரியா இருந்தா கூப்பிடுங்க, நம்பர் கவர்ல இருக்கு."

ஐசியைப் பார்த்து என் அடையாள அட்டை எண்ணைப் பதிவேட்டில் எழுதினாள். கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். மாத்திரையைக் கையில் கொடுக்காமல், "அத்தான், ஒங்களுக்குப் பிரஷர் இருக்கு. இது வேணாம்," என்றேன்.

"அது பார்டர்லைன்."

"ராத்திரி அஞ்சு தடவ எந்திரிக்கிறது?"

"அது வயசு. குடுடா. கடப் பொண்ணு எல்லாத்துக்கும்தான் பயமுறுத்துவா. அவளுக்கு லைசன்ஸ் போயிடுமேன்னு பயம்."

சிறிய ஆவி பிடிக்கும் பாத்திரத்தை முன்னால் வைத்தேன், உப்புத்தண்ணி ஸ்பிரே இருக்கிறது என்றேன். உப்புத்தண்ணி குழந்தைகளுக்கு என்றார். கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளாக அவர் கேட்டதை எல்லாரும் கொடுத்துத்தான் பழகியிருக்கிறோம்.

ஞாயிறு காலை அவர் குரல் மணிபோல் இருந்தது. முகம் மட்டும் செம்பருத்தி நிறம். மண்டபத்தில் எண்பது பேர். முன்வரிசையில் கார்த்திகேசு, கைகட்டி அமர்ந்திருந்தார். ஓட்டுக்கு முன் வேட்பாளர் உரை. கமலநாதன் ஏற்புரையையே எடுத்துப் பேசத் தொடங்கினார். "என் உடலும் உள்ளமும் மன்றத்துக்கே" என்ற இடத்தில் நிறுத்தினார். "ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினார். திரும்பி வந்தார். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒரு நிமிஷம். மூன்றாம் தடவை போனவர் வரவில்லை. நான் பின்னால் போனேன்.

கழிவறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன அத்தான்?"

"வரல."

"எது வரல?"

"ஒண்ணுக்கு வரல லா. முட்டுது, வர மாட்டேங்குது."

"எப்போலேர்ந்து?"

"நேத்து ராத்திரி கொஞ்சம் சொட்டுச்சு. காலைலேர்ந்து ஒண்ணுமே இல்ல."

"எத்தன மாத்திர போட்டீங்க?"

"நேத்து ஒண்ணு கேக்கல. அதான் ராத்திரி ரெண்டு. காலைல ரெண்டு."

தலையைச் சுவரில் முட்டத் தோன்றியது. அவர் தலையைத்தான். கவரில் இருந்த எண்ணுக்கு அங்கேயே அழைத்தேன். புனிதாதான் எடுத்தாள். நேற்று நான் வாங்கிய மருந்து என்றேன், ஒருத்தருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது என்றேன்.

பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அங்கிள், நேத்து ஒங்களுக்குன்னுதானே சொன்னீங்க?"

"எங்க அத்தான்மா. பிரஷர், புரோஸ்டேட் ரெண்டும் இருக்கு."

"நான் கேட்டேன்ல அங்கிள்." கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. "இப்பவே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. தண்ணி குடிக்க வெச்சா வந்துடும்னு காத்திருக்காதீங்க. அவர் கார் ஓட்டக்கூடாது. மாத்திர அட்ட, அவர் சாப்பிடுற மத்த மருந்து எல்லாத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க."

அவள் சொன்னதை நான் சொல்லக் கேட்டுக் கமலநாதன் தலையாட்டினார். "போலாம். ஓட்டு முடியட்டும்."

"இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்."

"ஆகட்டும். இப்பப் போனா ஏன்னு கேப்பானுங்க. கார்த்திகேசு காத்துக்கிட்டிருக்கான். என் விதியாலயே என்னத் தூக்கிடுவான்."

"அத்தான், மூத்திரப் பை வெடிச்சா விதி என்ன பண்ணும்?"

"வெடிக்காது. நான் பாத்துக்கிறேன்."

அடிவயிற்றில் கையை அழுத்திக்கொண்டு, மணமேடை ஏறும் மாப்பிள்ளை போல நிமிர்ந்து மண்டபத்துக்குள் நடந்தார். ஆறாவது பக்கத்தை எடுத்தார். நான் கெஞ்சினேன், கையைப் பிடித்தேன், உதறினார். அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா மேடை ஓரத்தில் நின்று, "வாங்க போலாம்ங்க," என்றாள். "ஒக்காரு தனலெட்சுமி," என்றார் மைக்கிலேயே. உதடு வெளுத்திருந்தது. பேச்சு நடுவில் கண்ணை மூடி மூடித் திறந்தார்.

நான் மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன். வாழ்க்கையில் முதல் முறை.

"தலைவருக்கு ஒடம்பு சரியில்ல. சிறுநீர் அடைச்சுக்கிச்சு. பிரஷர், புரோஸ்டேட் ரெண்டும் இருக்கிறவரு, சளி மாத்திரய அளவுக்கு மேல போட்டுட்டாரு. மருந்து வாங்குனது நான்தான், பொய் சொல்லி வாங்குனேன். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

மண்டபம் கொந்தளிக்கும் என்று எதிர்பார்த்தேன். கமலநாதனும் அதைத்தான் எதிர்பார்த்துத் தோளைச் சுருக்கினார். மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "எனக்கும் போன வருஷம் இப்படித்தான் ஆச்சு. எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "டியூப் போட்டாதான் எறங்கும் லா," என்றார். "ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிறாரு? நான் ஆறு," என்றது ஒரு குரல். பிரஷர் மாத்திரையின் பெயர்கள் வரிசை வரிசையாகப் பறந்தன. அந்த விதிப்படி எண்ணினால் மன்றத்துக்குத் தலைவராக நிற்கத் தகுதியுள்ளவர் மண்டபக் காவலாளி ஒருவர்தான் என்று தெரிந்தது. அவர் நேபாளத்துக்காரர்.

"என் வண்டி வாசல்ல நிக்குது. பின்னால படுக்க வெச்சுக்கோ சிவா," என்றார் கார்த்திகேசு. அவர் குரலில் வெற்றி எதுவும் இல்லை. கமலநாதன் அதில் வெற்றியைத் தேடிக்கொண்டே வண்டியில் ஏறினார்.

அவசரப் பிரிவில் குழாய் போட்டார்கள். குழாயில் மாட்டிய பை நிரம்ப நிரம்ப அவர் முகம் மறுபடி மனித நிறத்துக்கு வந்தது. இரத்த அழுத்தம் பார்த்த தாதி அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தாள். இளம் டாக்டர் ஜனகா குறிப்பேட்டோடு வந்தார். "அங்கிள், என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?"

"வைட்டமின்," என்றார் கமலநாதன்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னை முந்திக்கொண்டாள். ஆனால் டாக்டரைப் பார்த்துப் பேசவில்லை.

"நேத்து அந்த மருந்துக்காரப் பொண்ணு கேட்டப்ப நீ ஏன்டா இல்லன்னு சொன்ன? அவருதான் அப்படி. ஒனக்கு என்ன கேடு? ஒரு வார்த்த, எங்க அத்தானுக்குன்னு சொல்லியிருந்தா குடுத்திருக்கவே மாட்டாளே."

டாக்டர் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார். நான் சளி மாத்திரை அட்டையையும் அக்காவின் பையிலிருந்த வைட்டமின் புட்டியையும் அவர் முன்னால் வைத்து, புட்டிக்குள் இருப்பவை என்ன என்று சொன்னேன். மற்றவர்களின் பெருமையைக் கிண்டல் செய்தே பழகிய எனக்கு, நேற்று பார்மசி மேசைக்கு முன்னால் நின்று, 'இது எனக்கில்லை' என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"அங்கிள், வைட்டமின் அடைப்ப உண்டாக்காது," என்றார் டாக்டர் பொறுமையாக. "பிரஷர் மாத்திர, புரோஸ்டேட் மாத்திர, சளி மாத்திர. வேற?"

கமலநாதன் கூரையைப் பார்த்தார். மன்றக் கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கும் குரலில் தொடங்கினார்.

"எழுதிக்குங்க. சளி மாத்திர நேத்து மதியம் ஒண்ணு, ராத்திரி ரெண்டு, காலைல ரெண்டு." கொஞ்சம் நிறுத்தினார். "சிவாவோட பக்கத்து வீட்டுக்காரரு ஃப்ளூ மாத்திரன்னு குடுத்தாரு. காலைல மண்டபத்துக்கு வர்ற வழியில கார்ல அதுலயும் ரெண்டு."

எங்கள் யாருக்கும் தெரியாத இரண்டு. அக்கா தலையில் கையை வைத்தாள்.

"அந்த ஃப்ளூ மாத்திர அட்ட எங்க அங்கிள்?" என்றார் டாக்டர்.

கமலநாதன் தன் சட்டைப் பையைக் காட்டினார். ஏற்புரையின் கடைசிப் பக்கங்களுக்கு இடையில் இருந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.